ஆய்வு மருந்தைக் கையாளும் மருந்தாளுநர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவமனை மருந்தகத்தில் நெடுநாள் பழகிய ஒருவர், மருத்துவ ஆய்வுக்கான மருந்துப் பொறுப்பை ஏற்றதும் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அறியாமையால் வருவன அல்ல. கவுன்ட்டரில் நல்ல பழக்கம் என்று கற்றதை இங்கும் அப்படியே தொடர்வதால் வருவன.

காலாவதி நெருங்கும் பெட்டியை முதலில் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்பது மருந்தகத்தின் பாலபாடம். ஆய்வு மருந்திலோ, இன்ன பங்கேற்பாளருக்கு இன்ன எண்ணுள்ள கிட் (மருந்துப் பெட்டி) என்று பெரும்பாலும் கணினியே ஒதுக்குகிறது. அலமாரியில் முன்னால் இருக்கிறதே என்று பக்கத்து எண்ணை எடுத்துக் கொடுத்துவிட்டால், அதற்குள் இருப்பது மருந்தா, மருந்தைப் போலவே தோன்றும் மருந்தற்ற மருந்துப்போலியா என்பது கொடுத்தவருக்கே தெரியாது. ஒருவர் எண்ணை வாய்விட்டு வாசிக்க, மற்றொருவர் ஒதுக்கீட்டுத் தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது சற்றே பள்ளிக்கூடத்தனமாகத் தோன்றினாலும், எனக்குத் தெரிந்து இதைவிடச் சிறந்த காப்பு இல்லை.

திரும்பி வரும் மாத்திரைகளை எண்ணும் இடத்தில்தான் மனம் அதிகம் தடுமாறும். ஏற்காட்டிலிருந்து காலைப் பேருந்தில் இறங்கி வந்த ஒரு அம்மா, மீதி மாத்திரைகளை ஒரு சிறிய எவர்சில்வர் சம்படத்தில், தம்முடைய சர்க்கரை மாத்திரைகளோடு கலந்து கொண்டுவந்தார். டப்பாவை வீட்டில் மிளகு போட வைத்துக்கொண்டாராம். கொடுத்தவை 60, நாளுக்கு இரண்டாக 28 நாளுக்கு 56 போக நான்கு மிஞ்சியிருக்க வேண்டும், இருந்தவை பத்து. "ஒரு வேளைகூட விடலைங்க சார்" என்று அவர் சொன்னபோது, நான்கு என்றே எழுதிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியதை மறைக்க மாட்டேன். பத்து என்றுதான் எழுத வேண்டும்: 56-க்கு 50 சாப்பிட்டதாகக் கணக்கு, அதாவது சுமார் 89 சதவீதம். அவர் சொன்னதையும் தனியே குறித்து, ஆய்வு ஒருங்கிணைப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும். உண்மையில் அங்கே தவறு என்னுடையது. காலி அட்டை, டப்பா எதையும் தூக்கிப் போடாமல் கொண்டுவரச் சொல்லியிருக்க வேண்டியது முதல் வருகையின்போதே.

எழுதியதைத் திருத்தும்போது ஒரே கோடாக அடித்து, பழைய எண் படிக்கும்படி விட்டு, கையொப்பமும் தேதியும் இட வேண்டும். வெள்ளை மையை அந்த மேசைப் பக்கமே வைக்காதீர்கள். மாலையில் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்பதும் அதே வகைத் தவறுதான்.

வெப்பநிலையைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். மாதாந்திர மின் பராமரிப்பு நாளில் ஜெனரேட்டர் ஓடும். ஆனால் ஆய்வு மருந்து இருக்கும் குளிர்பெட்டி அந்த இணைப்பில் இருக்கிறதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டிய பெட்டி 11 காட்டினால், "கொஞ்ச நேரம்தானே" என்று விட்டுவிடுவது ஒரு தவறு என்றால், பதறிப்போய் மருந்தைக் கொட்டிவிடுவது அதைவிடப் பெரிய தவறு. மருந்தை உரிய வெப்பநிலைக்கு மாற்றி, 'வழங்கக் கூடாது' என்று எழுதித் தனியே வைத்து, வெப்பநிலைப் பதிவுக் கருவியின் விவரங்களோடு ஸ்பான்சருக்கு, அதாவது ஆய்வுக்குப் பொறுப்பேற்றுள்ள நிறுவனத்துக்குத் தெரிவித்து, எழுத்துபூர்வமான பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். மலைக்குக் கொண்டுபோகும் ஊசி மருந்துக்கு "மேலே குளிர்தானே" என்பது பதிலாகாது. இருபது கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் வெயிலில் பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரம் ஒன்று இருக்கிறது, ஏற்காட்டுக் குளிரும் 8 டிகிரிக்குக் கீழேயே நிற்பதில்லை. அதற்காகப் பனிக்கட்டிப் பையை மருந்தின்மேல் நேரே படும்படி வைத்தால் மருந்து உறைந்துவிடும்; புரத மருந்துகள் பல, ஒருமுறை உறைந்தால் பயன்படாமல் போகும்.

யாருக்கு எது என்பதை மறைத்து நடத்தும் ஆய்வில், இரகசியம் வாய்வழியாகக் கசிவதைவிடக் காகிதவழியாகக் கசிவதே எளிது. மருந்து கலக்கும் பொறுப்பிலுள்ளவர் எழுதிய தயாரிப்புத் தாள் நோயாளியின் கேஸ் ஷீட்டுக்குள் போய்ச் சேர்ந்தாலோ, பில்லிங் கணினி பழக்கதோஷத்தில் மருந்தின் பெயரை அச்சிட்டாலோ, அதைப் பார்க்கும் மருத்துவருக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

கடைசியாக, மருந்து வாங்கும்போது நோயாளி பேச்சோடு பேச்சாகச் சொல்வதை அசட்டை செய்யாதீர்கள். "போன வாரம் ஆத்தூர்ல ரெண்டு நாள் பெட்ல இருந்தேன்" என்று ஒருவர் சொன்னால், கவுன்ட்டரில் "இப்ப பரவாயில்லையா அண்ணே?" என்று கேட்டு அனுப்பிவிடுவோம். ஆனால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது, ஆய்வின் மொழியில், கடுமையான பாதக நிகழ்வு (serious adverse event). 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, முதன்மை ஆய்வாளர் அதை மத்திய உரிமம் வழங்கும் அதிகாரிக்கும் ஸ்பான்சருக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே நோயாளியை அங்கேயே உட்காரவைத்து, அந்த மாத மருந்தைக் கையில் கொடுப்பதற்கு முன்பே ஆய்வாளரைக் கூப்பிட வேண்டும்.