பூனைக்கு இதயத்தில் மர்மர் என்றால் செய்ய வேண்டியவை

தடுப்பூசிக்கோ கருத்தடை அறுவைச் சிகிச்சைக்கோ கொண்டுபோன பூனையைப் பரிசோதித்துவிட்டு, "இதயத்தில் மர்மர் கேட்கிறது" என்று கால்நடை மருத்துவர் சொன்னதும் பலர் கலங்கிப்போகிறார்கள். இதயத்தின் வழியாக ரத்தம் சீராக ஓடாமல் சுழித்து ஓடும்போது ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் ஓசைதான் மர்மர்; அது நோயின் பெயர் அன்று. மேசையின் மேல் பயந்து நடுங்கும்போது எழுந்து, அமைதியானதும் மறைந்துவிடும் மர்மரும் உண்டு. ஓசையின் உரப்பை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள் என்றாலும், அந்த எண்ணை நோயின் கடுமையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மெல்லிய ஓசையுள்ள பூனைக்கு முற்றிய நோய் இருக்கலாம், உரத்த ஓசையுள்ள பூனை நலமாக இருக்கலாம்.

எனவே மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது, இந்த ஓசைக்குக் காரணம் என்ன என்பதுதான். பூனைகளின் இதய நோய்களில் மிகவும் பரவலானது, இதயத் தசை தடித்துப்போகும் ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி. மெய்ன் கூன், ராக்டால் ஆகிய இனங்களில் இதற்கான மரபணுக் கோளாறு கண்டறியப்பட்டுள்ளது. பெர்ஷியனுக்கும், நம் தெருவில் பிறந்த நாட்டுப் பூனைக்கும்கூட இந்நோய் வரும். ஆனால் இதயத்தில் கோளாறே இல்லாமல், தெள்ளுப்பூச்சி மொய்த்து ரத்தசோகை கண்ட குட்டிக்கும், தைராய்டு மிகுதியோ ரத்த அழுத்தமோ உள்ள வயதான பூனைக்கும் மர்மர் கேட்கும். இவற்றுக்கு நல்ல சிகிச்சை உண்டு என்பதால், ரத்தப் பரிசோதனையையும் அழுத்தம் பார்ப்பதையும் தவிர்க்க வேண்டாம்.

உணவையும் இங்கே சொல்லியாக வேண்டும். டாரின் என்ற சத்து குறைந்தால் பூனையின் இதயம் விரிந்து தளர்ந்துபோகும் என்று 1987இல் கலிஃபோர்னியாவில் கண்டறிந்தார்கள். அது இறைச்சியிலும் மீனிலும் மட்டுமே போதிய அளவு கிடைப்பது. தயிர்சாதமும் பால்சாதமுமே போட்டு வளர்க்கும் வீட்டார் இதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாய்க்கான உணவும் பூனைக்கு ஈடாகாது.

தசைச் சுவரின் தடிப்பையும் இதயத்தின் இடது மேலறையின் அளவையும் காட்டுவது, ஒலி அலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனை. எக்ஸ்ரேயில் இவை தெளிவாகத் தெரிவதில்லை. எக்கோ எடுக்கும் இடத்தை உங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரிக்கலாம். அவசரமில்லாத கருத்தடையை எக்கோ முடிவு வரும்வரை தள்ளிவைப்பதே என் பரிந்துரை. ஏனெனில், மயக்கத்துக்குப் பரவலாகப் பயன்படும் கெட்டமின் இதயத்துடிப்பைக் கூட்டும். தடித்த இதயம் அதைத் தாங்காமல் போகலாம். எந்த மருத்துவமனைக்குப் போனாலும், டிரிப்ஸ் ஏற்றும் முன்பும் ஸ்டீராய்டு ஊசி போடும் முன்பும் மர்மர் இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் உங்களால் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, தூங்கும் பூனையின் மூச்சை எண்ணுவது. துணிக்குவியலின் மேல் அது நன்றாக அசந்து தூங்கும்போது, தொடாமல் சற்றுத் தள்ளி நின்று விலாப்புறத்தைப் பாருங்கள். விலா ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கைப்பேசியில் 30 விநாடி வைத்து எண்ணி, இரண்டால் பெருக்கி, தேதியுடன் குறித்துவையுங்கள். 'குர்ர்' என்று சத்தமிடும்போதும், ஓடியாடி வந்து படுத்த உடனேயும், வெயிலில் களைத்திருக்கும்போதும் எடுக்கும் கணக்கு உதவாது. நிமிடத்துக்கு 30க்குள் இருந்தால் கவலையில்லை. 30ஐத் தாண்டினால் சிறிது நேரம் கழித்து மறுபடியும் எண்ணுங்கள். அப்போதும் குறையாவிட்டால் அன்றைக்கே மருத்துவரை அழைக்க வேண்டும், ஏனெனில் நுரையீரலில் நீர் கோப்பதை இருமலை விட மூச்சுத்தான் முன்னதாகக் காட்டும். விலா அசைவைக் காணொளியாக எடுத்துக் காட்டினால் மருத்துவருக்கும் எளிது.

நாய்போல் வாயைத் திறந்து மூச்சிரைப்பதும், ஈறு நீலம் பாய்வதும் உடனடி ஆபத்தின் அறிகுறிகள். பின்னங்கால்கள் திடீரென விழுந்து, பூனை வலியில் அலறி, பாதங்கள் சில்லிட்டுப்போனால், மாடியிலிருந்து விழுந்து அடிபட்டிருக்கும் என்று எண்ணி எண்ணெய் தடவிக்கொண்டிருக்க வேண்டாம். இதயத்தில் உறைந்த ரத்தக்கட்டி காலுக்குப் போகும் குழாயை அடைத்திருக்கக்கூடும். நடு இரவானாலும் கொண்டுபோக வேண்டும். வலிக்கென்று பாராசிட்டமால் கொடுத்தால் அதுவே உயிரைப் பறித்துவிடும்.

தடிப்பு இலேசாக இருந்து மேலறை பெருக்காதவரை, பெரும்பாலும் மருந்து தேவைப்படாது. குறித்த இடைவெளியில் எக்கோ எடுத்தால் போதும். மேலறை பெருத்துவிட்டால் ரத்தம் உறையாதிருக்க க்ளோபிடோக்ரெல் எழுதுவார்கள். மனிதர்களுக்கான 75 மில்லிகிராம் மாத்திரையைக் கால் பங்காக வெட்டிக் கொடுப்பது வழக்கம். அதன் கசப்பில் பூனை நுரை தள்ளும் என்பதால், சிறிய வெற்றுக் கேப்ஸ்யூலில் அடைத்து விழுங்கவைத்து, பின்னாலேயே சிறிது தண்ணீர் கொடுங்கள். நீர் பிரிக்கும் ஃப்யூரோசிமைடு எழுதியிருந்தால் குடிநீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையையும் மருத்துவர் சொன்ன நாளில் செய்ய வேண்டும். கருவாட்டுத் தலையை மட்டும் இனிமேல் போடாதீர்கள், அதில் உப்பு மிக அதிகம்.