ஸ்பேம் வடிகட்டியைப் பழக்குவது எப்படி?

சொந்த மெயில் சர்வரில் ஸ்பேம்அசாசின் என்ற ஸ்பேம் வடிகட்டியை நிறுவியும் குப்பை குறையவில்லையா? பெரும்பாலும், பழைய மெயில்களிலிருந்து கற்றுப் புதியது ஸ்பேமா என்று கணிக்கும் அதன் பேயஸ் பகுதி பட்டினி கிடக்கிறது. 200 ஸ்பேம், 200 நல்ல மெயில் கற்றுக்கொள்ளும் வரை அது மதிப்பெண்ணே போடாது.

ஸ்பேமுக்கு ஒன்று, நல்ல மெயிலுக்கு ஒன்று என இரண்டு போல்டர்களைத் திறந்து, ஐமேப் (சர்வரில் உள்ள மெயில்பெட்டியை நேரடியாகக் கையாளும் முறை) வழியாக மெயில்களை அவற்றுக்கு நகர்த்துங்கள். ஃபார்வர்டு செய்யக் கூடாது. மெயிலின் தலைப்பகுதியில், அனுப்பிய சர்வர் பற்றி இருக்கும் ஹெடர் வரிகளும் பாடம்தான். ஃபார்வர்டு செய்தால் அவை போய் உங்கள் முகவரி வந்து உட்காரும். நல்ல மெயிலில் நண்பர்களின் கடிதம் மட்டும் போதாது. வங்கி அறிக்கை, ரயில் டிக்கெட், கேட்டு வாங்கும் செய்திமடல் எல்லாம் வேண்டும். பார்வைக்கு விளம்பரம் மாதிரியே இருப்பதால், சொல்லிக்கொடுக்காவிட்டால் முதல் பலி இவைதான். தமிழ் மெயில் நிறைய வருமென்றால் ஸ்பேம்அசாசின் 4.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். பிறமொழி எழுத்துகளைக் கையாள்வது அதில்தான் வெகுவாகத் தேறியது.

அடுத்து, போல்டர்களில் சேர்த்ததைப் பேயஸுக்குக் கற்றுத்தரும் எஸ்ஏ-லேர்ன் (sa-learn) கட்டளை. பலர் சறுக்கும் இடம் இது. ரூட்டாக (சர்வரின் தலைமைப் பயனராக) நுழைந்து பழக்குவார்கள். வடிகட்டியோ, அதை மெயில் சர்வருடன் இணைக்கும் அமாவிஸ் நிரலின் பயனராக ஓடும். ரூட்டின் தரவுத்தளம் வளரும், அமாவிஸுடையது காலியாகவே கிடக்கும். வடிகட்டி ஓடும் பயனராகவே கட்டளையை இயக்கி, 'டம்ப் மேஜிக்' (--dump magic) விருப்பத்தில் இரண்டு எண்ணிக்கையும் 200ஐத் தாண்டியதா என்று பாருங்கள்.

ஸ்பேம் அனுப்புகிறவர்கள் அடியில் சம்பந்தமில்லாத பத்திகளை ஒட்டுவது பேயஸைக் குழப்பத்தான். அதைவிட ஆபத்து, தானே கற்கும் வசதி. இயல்பமைப்பில் 0.1க்குக் கீழே மதிப்பெண் பெற்றதை நல்லது என்று எடுத்துக்கொள்ளும். தப்பி வந்த ஸ்பேமும் அந்தக் கணக்கில் சேர்ந்தால் அதே ரகம் அடுத்த முறை இன்னும் சுலபமாக நுழையும். முதல் சில வாரங்கள் அதை அணைத்துவிட்டுக் கையால் பழக்குங்கள். தவறாகக் கற்றதைச் சரியான வகையில் மறுபடி கொடுத்தால் போதும், பழையதைத் தானே மறந்துவிடும்.

எல்லாச் சோதனைகளின் மதிப்பெண்ணையும் கூட்டி மெயிலை ஸ்பேம் என்று குறிக்கும் எல்லை, இயல்பமைப்பில் 5. அவசரப்பட்டு 3 ஆக்காதீர்கள்: 99 சதவீதம் ஸ்பேம் என்று பேயஸ் சொன்னாலே ஏறத்தாழ 3.5 விழும், அது ஒன்றே மெயிலைக் கவிழ்த்துவிடும்.

எழுத்தைப் படமாக்கி அனுப்பும் ஸ்பேமில் பேயஸுக்குப் படிக்க அதிகம் கிடைக்காது. அங்கே, ஸ்பேம் அனுப்பும் சர்வர்களின் முகவரிகளைத் தொகுத்து டிஎன்எஸ் வழியாகத் தரும் ஸ்பேம்ஹாஸ் போன்ற தடைப்பட்டியல்கள் கைகொடுக்கும். ஆனால் கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் (இணைய முகவரிகளைத் தேடித்தரும் சேவை) வழியாகக் கேட்டால் ஸ்பேம்ஹாஸ் பதில் தராது, பிழைக் குறியீடுதான் வரும். அதைத் தடை என்று எடுத்துக்கொண்டு எல்லா மெயிலையும் திருப்பி அனுப்பும் சர்வர்களும் உண்டு. அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் நிரலை உங்கள் சர்வரிலேயே நிறுவி, அதன் வழியாகக் கேளுங்கள்.