வில்பத்துக்கு முதலில் போங்கள், கந்தோருக்கு அப்புறம்

இந்த ஜூலையில் பதினாறு நாள் விடுமுறையில் கனடாவிலிருந்து ஊருக்கு, மன்னார்ப் பக்கத்து முருங்கனுக்குப் போனேன். அதில் மூன்று முழு நாள்களை வில்பத்துக் காட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். கிடைத்தது ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளில் தெரிந்துகொண்டதையும், மற்ற நாள்கள் கந்தோரில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், எப்படிப் போயின என்பதையும் இங்கே எழுதுகிறேன். யாராவது ஒருவருக்காவது ஒரு காலைப்பொழுது மிஞ்சட்டும்.

ஏன் வில்பத்து என்று கேட்பீர்கள். வெளிநாட்டிலிருந்து போகிற நம்மவர்கள் பெரும்பாலும் யால காட்டுக்குத்தான் போகிறார்கள். அங்கே ஒரு சிறுத்தை தென்பட்டால் போதும், பத்து நிமிடத்துக்குள் ஜீப்புகள் வரிசை கட்டிவிடும். வில்பத்து பரப்பளவில் இலங்கையின் மிகப் பெரிய தேசியப் பூங்கா, 1,300 சதுர கிலோமீட்டருக்கும் மேல். மன்னார்ப் பக்கத்து ஆட்களுக்கு அது பக்கத்து வீட்டு வளவு மாதிரி. என் அப்பா எழுபதுகளில் முருங்கனிலிருந்து நெல்லு லொறியில் புத்தளத்துக்குப் போய் வருவார். அந்தக் காட்டுப் பாதையில் பாலை மரத்தின் உச்சியில் கரடி இருந்து பழம் தின்றதை எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. வரும்போது ஓலைப் பெட்டியில் பாலைப்பழம் கொண்டு வருவார். அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு, வாய் திறக்கவே ஒரு மாதிரி இருக்கும். எனக்கு அந்தக் காடு என்றால் அந்த ஒட்டல்தான்.

பிறகு யுத்தத்தில் காடும் மூடிப் போனது. 1985இல் பூங்கா ஊழியர்கள் அங்கேயே கொல்லப்பட்டார்கள். 1988 கடைசியிலிருந்து 2003 வரை பூட்டியே கிடந்தது. திறந்த கொஞ்சக் காலத்தில், 2006இல், கண்ணிவெடியில் பார்வையாளர்கள் இறந்தார்கள், மறுபடியும் பூட்டு. 2010இல்தான் மீண்டும் திறந்தது. நான் 1990இல் ஊரைவிட்டுப் போனவன். ஆகவே அப்பா சொன்ன காட்டை என் கண்ணால் ஒரு நாளும் பார்த்ததில்லை.

சரி, அமைதியாகப் பார்க்க என்ன செய்ய வேண்டும்? முதலில் நாளைப் பாருங்கள். சனி, ஞாயிறு, போயா தினம் என்கிற முழுநிலா விடுமுறை, பள்ளி விடுமுறை, இவை வேண்டாம். செவ்வாய், புதன், வியாழன் நல்லவை. அடுத்தது, அரை நாள் பயணம் எடுக்காதீர்கள். காலை 6 மணிக்கு வாசல் திறக்கும், மாலை 6 மணிக்கு மூடும். அரை நாள்காரர்கள் பத்துப் பத்தரைக்கு வெளியேறிவிடுவார்கள், அடுத்த கூட்டம் இரண்டு மணிக்குப் பிறகுதான் வரும். நடுவில் உள்ள அந்த மூன்று நான்கு மணி நேரம் வெயில் கொளுத்தும், மிருகங்கள் நிழலுக்குள் போய்விடும் என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் காடு உங்களுக்கென்று கிடைக்கிற நேரமும் அதுதான். வறண்ட மாதங்களில் தண்ணீர் தேடி எதுவாவது வில்லுக் கரைக்கு வந்தே தீரும்.

வில்லு என்றால் மழைநீர் தேங்கி நிற்கிற இயற்கைப் பள்ளம். வில்பத்தின் பெயரே அதிலிருந்து வந்தது. சிலதில் நன்னீர், சிலதில் உப்புத்தன்மை. ஒன்றுக்குப் பணிக்கர் வில்லு என்று பெயர். பணிக்கர் என்றால் யானை பிடிக்கிறவர் என்று நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். பூங்காவின் தென்மேற்கில் உள்ள பொன்பரப்பியில் ஆதிச்சநல்லூர் போலவே தாழிகளில் புதைத்த மனிதர்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அதையும் அறிந்துகொண்டு போனால், வெறும் மரமாகத் தெரிகிற இடத்திலும் பார்க்க ஏதாவது இருக்கும். ஹுனுவிலகம வாசலால் உள்ளே போனால் முதல் முக்கால் மணி நேரம் அடர்ந்த காடும் செம்மண் பாதையும்தான். பலர் அதற்குள்ளேயே சலித்துவிடுகிறார்கள். பொறுங்கள், காடு சட்டென்று விலகி முதல் வில்லு விரியும்.

ஓட்டுநரிடம் முதலே ஒன்று சொல்லிவிடுங்கள்: சிறுத்தை நிற்கிறது என்று தொலைபேசியில் அழைப்பு வந்தால் நாங்கள் ஓட வேண்டாம். கேட்டால் அவர்களுக்கும் நிம்மதி. பார்க்க முடியாமல் போனால் நம்மவர்கள் குறை சொல்வார்கள் என்ற பயத்தில்தான் பாவம் அப்படி ஓட்டுகிறார்கள்.

இனி நான் இழந்த நாள்கள்.

திங்கள் பின்னேரம் புறப்பட்டு, வாசலுக்குக் கிட்டத் தங்கி, செவ்வாய் விடிய உள்ளே போவதாக ஏற்பாடு. ஞாயிறு இரவு சாப்பிட்டு முடிய சித்தப்பா கேட்டார்: “தம்பி, நாளைக்குக் காலமை ஒருக்காக் கந்தோருக்கு வந்திட்டுப் போறியே? பத்து நிமிச அலுவல்.”

அப்பாவின் வயல் மூன்று ஏக்கர். அனுமதிப்பத்திரக் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தோடு தந்த நிலம். ஊரைவிட்டு வெளிக்கிட முன்னம் பின்னுரித்தாளராக, அதாவது தனக்குப் பிறகு காணிக்கு உரியவனாக, என் பெயரைப் பதிந்திருக்கிறார், எனக்கே அது மறந்து போயிருந்தது. அப்பா 2011இல் ரொறன்ரோவில் காலமானார். இடம்பெயர்ந்த வருடங்கள் தவிர மற்ற எல்லா வருடமும் அந்த வயலை விதைத்தவர் சித்தப்பா. வங்கிக்குக் கடன் கேட்டுப் போனால் காணி யாருடைய பெயரில் என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். எனக்கு வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காணிக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் வெளிவேலைக்குப் போய்விட்டார். நாளைக்கு வாருங்கள் என்றார்கள். செவ்வாய் போனோம். என் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், கனடாக் கடவுச்சீட்டில் இன்னொரு பெயர். அங்கே அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது, என் பெயரின் எழுத்துகளும் மாறிவிட்டன. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி வேண்டும். அதில் ஒப்பமிடுகிற சமாதான நீதவான் வீட்டுக்குப் போனால் அவர் ஒரு செத்த வீட்டுக்குப் போயிருக்கிறார். அவர் வரும் வரை மாமரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரையில் மூன்று மணி நேரம். புதன்கிழமை கடதாசியோடு போனோம். இப்போது அப்பாவின் மரணச் சான்றிதழ். கையில் இருந்தது ஒன்ராறியோவில் தந்தது, இலங்கைத் தூதரகம் உறுதிப்படுத்தாதது. அதை ஏற்க முடியாது என்றார்கள்.

நான் அந்த நடைபாதையில் நின்று சத்தம் போட்டேன். உத்தியோகத்தரிடம் இல்லை, சித்தப்பாவிடம். “இதுக்குத்தானா நான் லீவு எடுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தனான்?” என்று எல்லாருக்கும் கேட்கத்தான் கேட்டேன். எழுபத்தொரு வயது மனிதர். ஒன்றும் சொல்லாமல் வெளியே போய் எனக்கு ஒரு சோடா வாங்கிக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்தே தந்தார், சின்ன வயதில் தருவது போல.

வியாழன் மறுபடியும் போனோம். என் சம்மதக் கடிதத்தை மட்டும் வாங்கிக் கோவையில் போட்டார்கள். மரணச் சான்றிதழ் முறையாக வந்த பிறகுதான் மிச்சம் என்றார்கள். அன்றிரவு சித்தப்பா சொன்னார்: “நீங்கள் எல்லாரும் போன நாளிலயிருந்து அந்தக் காணிக்கு நான் காவல். எனக்குப் பிறகு என்ர பிள்ளையை ஆரும் வந்து எழுப்பக் கூடாதுதானே, தம்பி.”

ஆகவே என் வழிகாட்டலில் மிக முக்கியமான பகுதி இதுதான், காட்டைப் பற்றியதே அல்ல. ஊரில் உங்கள் பெயரிலோ காலமான பெற்றோரின் பெயரிலோ ஒரு துண்டு நிலம் இருந்தால், புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே தொலைபேசியில் கேளுங்கள், என்ன கடதாசி வேண்டும் என்று. மரணச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், அற்றோர்னித் தத்துவம் (உங்களுக்காக இன்னொருவர் அலுவல் பார்க்க எழுதிக் கொடுக்கிற பத்திரம்) எதுவானாலும் நீங்கள் இருக்கிற நாட்டின் இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்திக் கொண்டு போங்கள். உங்கள் பெயர் இரண்டு விதமாக இருந்தால் பழைய பிறப்புச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கிற சொந்தக்காரர் கேட்க மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். வந்த பிறகு கேட்டால் உங்கள் பயணம் கெட்டுப்போகும் என்று கடைசி நாள் வரை வாயைத் திறக்காமல் இருப்பார்கள். என் சித்தப்பா அப்படித்தான் பதினான்கு வருடம் இருந்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை இரவே வாசலுக்குக் கிட்டப் போய்த் தங்கி, சனிக்கிழமை காலை அரை நாள் போனேன். போகக் கூடாத நாளில் போனேன். ஒரு வளைவில் பதினான்கு ஜீப்புகளை எண்ணினேன். இயந்திரங்களை நிறுத்தவே இல்லை. பற்றைக்குள் சிறுத்தையின் வால் தெரிந்ததாகச் சொன்னார்கள், எனக்கு அதுவும் சரியாகத் தெரியவில்லை. அப்பாவின் காடு இதுதானா என்று மனம் விட்டுப்போய் முருங்கனுக்குத் திரும்பினேன்.

மற்றக் கிழமை புதன் மிச்சமிருந்தது. சித்தப்பாவையும் வரச் சொன்னேன். “யானை பார்க்கக் காசு குடுக்கிறதோ?” என்று கேட்டார். பகிடியாக இல்லை, உண்மையாகவே கேட்டார். அறுவடைக் காலத்தில் யானைவெடியோடு பரணில் இரவிரவாக முழித்திருக்கிற மனிதர். அந்தக் காட்டின் விளிம்பில் பிறந்து வளர்ந்தும் பூங்காவுக்குள் போனதே இல்லை.

முருங்கனிலிருந்து மதவாச்சி, அநுராதபுரம் வழியாக வாசலுக்கு இரண்டரை மணி நேரம். வரைபடத்தில் மறிச்சுக்கட்டியிலிருந்து பூங்காவுக்குள்ளால் எலுவன்குளத்துக்கு ஒரு குறுக்குப் பாதை தெரியும். அப்பா லொறியில் போனது அந்தப் பக்கத்தால்தான். அந்தப் பாதை வழக்கு வரை போனது, அதை நம்பி விடியக் கருக்கலில் புறப்படாதீர்கள்.

நுழைவுச்சீட்டு யன்னலில் சித்தப்பா அடையாள அட்டையை நீட்டினார், அவருக்கு உள்நாட்டவர் கட்டணம். எனக்கு வெளிநாட்டவர் கட்டணம், அதோடு வாகனக் கட்டணம், சேவைக் கட்டணம், வரி. இரண்டு தொகைக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சித்தப்பா பார்த்துவிட்டார். தமிழில் கதைத்தால் விடுவார்கள் என்று நினைக்காதீர்கள், அடையாள அட்டைதான் பேசும். இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்கள் தேசிய அடையாள அட்டையை மறக்காமல் கொண்டு போங்கள். நான் எடுக்கவில்லை. எடுக்கலாம் எடுக்கலாம் என்று இருந்துவிட்டேன்.

அன்று காடு வேறு காடாக இருந்தது. பதினொரு மணிக்குப் பிறகு இரண்டு மணி நேரம் இன்னொரு வாகனத்தையே காணவில்லை. ஒரு வில்லுக் கரையில் ஒற்றைக் கொம்பன் ஒன்று புல்லைக் காலால் உதைத்துப் பிடுங்கி, மண்ணைத் தட்டித் தட்டித் தின்றுகொண்டு நின்றது. சித்தப்பா ஜீப்பின் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு கையைத் தளர்த்தி, “துரத்தாமல் ஒரு யானையைப் பார்க்கிறது இதுதான் முதல் தரம்” என்றார். அப்புறம் நாங்கள் இருவரும் கதைக்கவில்லை. அரை மணி நேரம் இருந்திருப்போம். மரைகள் இரண்டு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போயின. முதலை ஒன்று வாயைத் திறந்தபடி கரையில் கிடந்தது, மூடவே இல்லை.

ஜூன், ஜூலையில் போகிறவர்கள் பாலை மரங்களைப் பாருங்கள். பழக்காலத்தில் கரடி மரம் ஏறும். எங்களுக்கு முதலில் சத்தத்தைக் கேட்டவர் சித்தப்பாதான். “நிப்பாட்டச் சொல்லு, கொப்பு முறியுது” என்றார். ஓட்டுநர் சிங்களவர், அவருக்கும் புரிந்தது. உயரத்தில் ஒரு கறுத்த முதுகு. கிளையை வளைத்து வாய்க்குக் கொண்டு போவதும் விடுவதுமாக இருபது நிமிடம். கீழே பாதை ஓரத்தில் பழங்கள் சிந்திக் கிடந்தன. என் கண் அங்கே போனதைச் சித்தப்பா கண்டார். “இறங்க விடமாட்டினம். அது கரடியின்ர, இருக்கட்டும்.”

மார்கழியில் போகிறவர்களுக்கு வில்பத்து சரிவராது. மழையில் பாதைகள் தண்ணீருக்குள் போய்விடும். அவர்கள் வங்காலைக்குப் போகலாம், மன்னார்ப் பாலத்துக்குப் போகிற வழியிலேயே. கார்த்திகையிலிருந்து பங்குனி வரை பூநாரைகள் வரும், நுழைவுச்சீட்டும் ஜீப்பும் தேவையில்லை. விடிய முன்னம் கட்டுக்கரைக்குளத்து அணைக்கட்டில் போய் இருந்தாலும் போதும், பறவைகளின் சத்தத்தில் விடிவதைப் பார்க்கலாம். யாழ்ப்பாணம், கிளிநொச்சிப் பக்கம் போகிறவர்களுக்குச் சுண்டிக்குளம் இருக்கிறது. துணைக்கு ஊர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்கள் காதால் காட்டைப் பார்க்கிறவர்கள்.

திரும்பி வரும்போது மதவாச்சிக்கு இங்கால் வீதியோரத்தில் ஒரு அம்மா பாலைப்பழம் வைத்துக்கொண்டு இருந்தார். இரண்டு சுண்டு வாங்கினோம். வானுக்குள் இருந்து உதடு ஒட்ட ஒட்டத் தின்றோம். செட்டிகுளம் தாண்டும்போது சித்தப்பா கேட்டார்: “அண்ணையின்ர மரணச் சான்றிதழை எப்ப அனுப்புவாய்?”

போன கையோடு என்றேன். ஆகஸ்ட் 9ஆம் திகதி பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.