டேப்புக்கு எந்தப் பக்கம் நிற்பது: டவுன்ஹில் சைக்கிள் பந்தயம் பார்க்கப் போகிறவர்களுக்கு

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, உடுமலைப் பக்கத்து ஊரொன்றில் ரேக்ளாப் பந்தயம் பார்க்கப் போய், 300 மீட்டர் ஓட்டம் முடியும் இடத்தில் கயிற்றை ஒட்டி நின்றிருந்தேன். கடைசி நேரத்தில் காளைகள் இடப்பக்கம் ஒதுங்கின. பக்கத்தில் நின்ற பெரியவர் என் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்ததால் கால் தப்பியது. நான் விட்டுவிட்டு வந்த ரப்பர் செருப்பின் மேல் சக்கரம் ஏறி, வார் அறுந்து, செருப்பு பாதி மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. "கண்ணு, வண்டியப் பார்த்துட்டு நிக்காத, மூக்கணாங்கவுறு எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பாரு" என்றார் அவர். மலைச்சரிவில் நடக்கும் டவுன்ஹில் சைக்கிள் பந்தயத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். பாதையின் ஓரமாகக் கட்டியிருக்கும் டேப் வீரருக்கு வழியைக் காட்டுமே தவிர, தடுமாறி வரும் சைக்கிளை நிறுத்தாது. அது எந்தப் பக்கம் போகும் என்பதைப் பார்வையாளர்தான் முன்கூட்டியே கணித்து நிற்க வேண்டும்.

திருப்பூரிலிருந்து பனியன் ஆர்டர் விஷயமாகவும், கோவையிலிருந்து வேலை, படிப்பு என்றும் ஐரோப்பா போகிறவர்கள், விடுமுறை நாளில் ஆஸ்திரியாவின் லியோகாங்குக்கோ இத்தாலியின் வால் டி சோலேவுக்கோ போய் இந்தப் பந்தயத்தைப் பார்த்து வருகிறார்கள். நம் பக்கத்து மலையடிவாரங்களிலும் சைக்கிள் பிடித்த பிள்ளைகள் சிறிய அளவில் நடத்திப் பார்க்கிறார்கள். இருவருக்கும் உதவும் என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

டவுன்ஹில் பந்தயத்தில் எல்லோரும் ஒன்றாகப் புறப்படுவதில்லை. வீரர்கள் இடைவெளி விட்டு ஒவ்வொருவராக மேலிருந்து இறங்குவார்கள். குறைந்த நேரத்தில் கீழே வந்து சேர்ந்தவர் வெற்றி பெறுவார். முதல் உலகச் சாம்பியன் போட்டி 1990-இல் அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்தது. டவுன்ஹில் உலகக் கோப்பைத் தொடர் 1993-இல் தொடங்கியது. 2002 முதல் பல ஆண்டுகள் உலகக் கோப்பைப் பந்தயங்களை நடத்திய ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியத்தில், மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் ஐந்நூறு மீட்டருக்கும் மேல் இறங்கும் பாதையை, முன்னணி வீரர்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். பாறை, வேர், சேறு எல்லாவற்றின் மேலும் நடுவில் 60 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டிப் போகிறார்கள். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். விசில் கேட்டு, தலையைத் திருப்பி, என்ன என்று பார்ப்பதற்கு இரண்டு நொடி ஆகும். அதற்குள் சைக்கிள் 33 மீட்டர் வந்துவிடும். பதினைந்து கிலோவுக்கும் மேல் எடையுள்ள சைக்கிளும் அதன் மேல் ஓர் ஆளும் அந்த வேகத்தில் வந்து மோதினால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

நிற்கும் இடம்

பிடி நழுவிய சைக்கிள் வளைவோடு வளையாது, கடைசியாக எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அதே திசையில் நேராகப் போகும். ஆகவே வளைவின் வெளிப்பக்கம், அதிலும் வளைவு முடியும் இடத்துக்கு எதிரே இருக்கும் பகுதி, நிற்கவே கூடாத இடம். படம் எடுக்க அழகாக இருப்பதும் அதே இடம்தான் என்பதால் கூட்டம் அங்கேதான் சேரும். வளைவின் உட்பக்கத்தில், பாதையைவிட ஒரு ஆள் உயரமாவது மேடான இடத்தில் நின்றால் வீரரின் முகம் தெரியும், முன்சக்கரம் திரும்புவது தெரியும், உடம்புக்கும் பாதுகாப்பு. மேட்டில் நிற்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: காலடியில் இருக்கும் சரளைக்கல் உருண்டு பாதைக்குள் விழும். முட்டைப் பருமனுள்ள ஒரு கல் போதும், முன்சக்கரத்தைத் திருப்பிவிட. நின்ற இடத்திலேயே நில்லுங்கள், காலால் மண்ணைக் கிளறாதீர்கள்.

ஜம்ப் இருக்கும் இடங்களில், எம்பிக் குதிக்கும் வீரருக்குத் தரையிறங்கும் இடம் கடைசி நொடி வரை தெரியாது. அங்கே நிற்பவரை அவர் பார்க்கும்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது. எனவே தரையிறங்கும் இடத்துக்குக் கீழேயும், அதன் இரு பக்கமும் நெருங்கி நிற்கக் கூடாது. எழும்பும் மேட்டுக்குப் பக்கவாட்டில் தள்ளி நின்று பார்த்தால் குதிப்பு முழுவதும் கண்ணுக்குக் கிடைக்கும்.

இடத்தைத் தேர்ந்தவுடன் இரண்டு பக்கம் பாருங்கள். மேல் பக்கம், குறைந்தது ஒரு வளைவு தாண்டியாவது பாதை கண்ணுக்குத் தெரிய வேண்டும். முதுகுப் பக்கம், இரண்டு எட்டு பின்வாங்க இடம் இருக்க வேண்டும். நம் ஊர்த் தோட்டங்களில் பின்னால் கிளுவை வேலி இருக்கும், அல்லது கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்திருப்பார்கள், சில இடங்களில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறே இருக்கும். முன்னால் சைக்கிளும் பின்னால் முள்கம்பியுமாக மாட்டிக்கொள்வதைவிட, பார்வை கொஞ்சம் குறைந்தாலும் திறந்த இடம் மேல்.

பெரிய பந்தயங்களில் ஆபத்தான இடங்களில் இரண்டு வரிசையாக டேப் கட்டியிருப்பார்கள். உள் டேப் வீரருக்கு, வெளி டேப் நமக்கு. நடுவில் காலியாக விட்டிருக்கும் சில மீட்டர் இடம் விழுகிறவர் உருண்டு நிற்பதற்காக ஒதுக்கப்பட்டது. அங்கே போய் உட்கார்ந்து படம் எடுப்பவர் வீரரின் மெத்தையைப் பிடுங்கிக்கொண்டவர் ஆகிறார். வலை கட்டியிருக்கும் இடங்களில் வலையில் சாய்ந்து நிற்காதீர்கள். வலை இழுபட்டு விரிந்துதான் ஆளைத் தாங்கும். அந்த விரிவுக்குள் நம் முகமோ குழந்தையின் கையோ இருக்கக் கூடாது.

காதும் கண்ணும்

பாதை நெடுக, ஒருவர் பார்வையில் அடுத்தவர் படும்படி மார்ஷல்கள், அதாவது பாதையைக் கண்காணிக்கும் பணியாளர்கள், நிற்பார்கள். வீரர் வருவதை ஒரு குறுகிய, உரத்த விசிலால் கீழே இருப்பவர்களுக்கு அறிவிப்பார்கள். விசில் கேட்டால் ஓடாமல் நின்று, டேப்பிலிருந்து பின்னால் ஒதுங்கி, மேல் பக்கம் பார்க்க வேண்டும். நம் பக்கம் ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று விசில் சத்தத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடும். மேல்காற்று அடிக்கும் நாளில் காதை நம்பாமல் கண்ணை நம்ப வேண்டும்.

பார்வையாளர்கள் விசில் கொண்டு வருவது மார்ஷல்களுக்குச் செய்யும் பெரிய கெடுதல். எது எச்சரிக்கை, எது உற்சாகம் என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஐரோப்பாவில் பசுக்கழுத்து மணியை ஆட்டுகிறார்கள், சிலர் சங்கிலியைக் கழற்றிவிட்டு மரம் அறுக்கும் மெஷினை உறும விடுகிறார்கள். நமக்குத் தப்பட்டை இருக்கிறது. தாராளமாக அடிக்கலாம், விசில் மட்டும் வேண்டாம்.

கொடிகளில் மஞ்சள் கொடி, பயிற்சியின்போது கீழே யாரோ விழுந்திருக்கிறார், வேகத்தைக் குறை என்று பொருள்படும். சிவப்புக் கொடி வீசினால் வீரர் உடனே நிற்க வேண்டும். பந்தயத்தில் அப்படி நிறுத்தப்பட்டவருக்கு மறுபடியும் இறங்கக் கேட்கும் உரிமை உண்டு. ஆகவே சிவப்போ மஞ்சளோ, அந்த நிறத்துத் துண்டையோ துப்பட்டாவையோ டேப் ஓரத்தில் வீசாதீர்கள். கட்சித் துண்டு போட்டு வரும் அண்ணன்மார்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

டேப்புக்கு உள்ளே நீளும் எதுவும், கை, குடை, செல்ஃபி குச்சி, அட்டை, சைக்கிளின் அகலமான ஹேண்டில்பாரில் மாட்டும். 2021 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் தார்ச்சாலையிலேயே, கேமராவைப் பார்த்தபடி பார்வையாளர் ஒருவர் நீட்டிய அட்டையில் வீரர் டோனி மார்ட்டின் மோத, பின்னால் வந்த கூட்டமே சரிந்தது உலகம் பார்த்த காட்சி. மலைப்பாதையில் வீரர் ஒருவராகத்தான் வருவார், ஆனால் அவர் விழுந்தால் தார்ச்சாலையில் விழமாட்டார், பாறையில் விழுவார். ஃபிளாஷ் அடிக்காதீர்கள், மர நிழலிலிருந்து வெயிலுக்கும் வெயிலிலிருந்து நிழலுக்கும் மாறி மாறி வரும் கண்ணுக்கு அது இருட்டைக் கொண்டுவரும்.

பயிற்சி நாளும் குறுக்கே கடப்பதும்

பந்தய நாளைவிடப் பயிற்சி நாள்தான் பார்வையாளருக்கு ஆபத்து அதிகம் என்பது என் கருத்து. பந்தயத்தில் ஒருவர் போனால் அடுத்தவர் எப்போது வருவார் என்பது ஓரளவு தெரியும். பயிற்சியில் நாலைந்து பேர் ஒட்டிக்கொண்டு வருவார்கள், நடுவில் நிற்பார்கள், ஒரு பாறையைச் சரியாகத் தாண்டவில்லை என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே போய் மறுபடி வருவார்கள், ஓரத்தில் இருக்கும் வேறு வழியையும் முயன்று பார்ப்பார்கள். காலியாக இருக்கிறது என்று நினைத்துக் கால் வைக்கும் இடம் காலியாக இருக்காது. அதற்கு முன்பு வீரர்கள் பாதையை நடந்தே பார்க்கும் நேரம் ஒன்று உண்டு. அப்போது டேப் ஓரமாக நடந்து போனால், எந்தக் கல்லைக் காட்டி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதைக் கேட்டே நிற்க வேண்டிய இடத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

பாதையைக் கடக்க வேண்டுமானால் மார்ஷல் நிற்கும் கடவிடத்தில் மட்டும் கடக்க வேண்டும். அவர் கை காட்டிய பிறகு, நேர்க்குறுக்காக, நிற்காமல் கடக்க வேண்டும். செருப்பு கழன்றால் கழன்றதாகவே இருக்கட்டும். குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நடத்தாமல் தூக்கிக்கொள்ளுங்கள். குடும்பத்தில் பாதிப் பேர் இந்தப் பக்கமும் பாதிப் பேர் அந்தப் பக்கமும் நின்றுகொண்டால் அழைப்பும் ஓட்டமுமாகவே இருக்கும், அதனால் ஆரம்பத்திலேயே எல்லோரும் ஒரே பக்கம் நின்றுவிடுவது நல்லது. நாயைக் கூட்டிவர வேண்டாம்.

விழுந்தவரைக் கண்டால்

முதல் உந்துதல் ஓடிப்போய்த் தூக்கிவிடுவது. அதை அடக்கிக்கொள்ளுங்கள். மேலிருந்து அடுத்தவர் வந்துகொண்டிருக்கலாம். ஓடியவரோடு விபத்து இரண்டாகும். மார்ஷலைக் கூவி அழையுங்கள், அவர் சொன்னால் மட்டும் உதவுங்கள். வீரர்கள் அணிவது தாடை வரை மூடும் ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட். கழுத்தெலும்பு அடிபட்டிருக்கும் நிலையில் தெரியாதவர் அதை இழுத்துக் கழற்றினால் தண்டுவடத்துக்கு நிரந்தரக் கேடு வரலாம். தண்ணீர் வாயில் ஊற்றுவது நம் ஊர்ப் பாசம், அதுவும் வேண்டாம். 2019-இல் கனடாவின் மான்ட் செயின்ட் ஆன் உலகச் சாம்பியன் போட்டிப் பயிற்சியில் நியூசிலாந்தின் புரூக் மெக்டொனால்ட் விழுந்து முதுகெலும்பு முறிந்தபோது, ஹெலிகாப்டருக்காகப் பல மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. அவ்வளவு வசதியுள்ள இடத்திலேயே அப்படியென்றால், ஆம்புலன்ஸ் நிற்கும் வழியையும் வெட்டவெளியையும் மறித்து நாம் வண்டியை நிறுத்துவது எவ்வளவு பெரிய தவறு என்பது விளங்கும்.

நம் பக்கம் நடத்துகிறவர்களுக்கு

காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியின்றிப் பாதை வெட்டுவது குற்றம். யானை நடமாடும் அடிவாரங்களில் மாலைக்குள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். பட்டா நிலமாக இருந்தால் தோட்டத்துக்காரரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டேப் கட்ட இரும்புக் கம்பியை ஊன்றுவது நம் வழக்கமாகிவிட்டது, கட்டட வேலையில் மிஞ்சியது கைக்குக் கிடைப்பதால். விழுகிறவர் மேல் அது குத்தீட்டி. சர்வதேச விதிகள் உலோகமல்லாத கம்பத்தையே கேட்கின்றன. பிவிசி குழாய் போதும், முட்டினால் சாயும். மரத்துக்கும் கல்லுக்காலுக்கும் மெத்தை கட்ட விலையுயர்ந்த பொருள் வேண்டியதில்லை. பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் தென்னை மஞ்சியைச் சாக்கில் தளர்வாக அடைத்து, இடுப்பிலிருந்து தலை உயரம் வரை கட்டலாம். இறுக்கி அடைத்தால் கல் மூட்டையாகிவிடும், மழையில் நனைந்தாலும் அப்படியே. மலையில் செல்போன் சிக்னலை நம்பாமல் வாக்கிடாக்கி வையுங்கள். 108 வண்டி எந்த மேடு வரை ஏறும் என்பதை முந்தைய நாளே ஒரு ஜீப்பை ஓட்டிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

கடைசி வீரர் போய்விட்டார் என்று கூட்டத்தில் யாரோ சொன்னதும் எல்லோரும் டேப்பைத் தூக்கிக்கொண்டு பாதைக்குள் இறங்குவார்கள். பாதையை மூடும் மார்ஷல் மேலிருந்து நடந்து உங்களைத் தாண்டிப் போகும் வரை இறங்காதீர்கள். சிவப்புக் கொடியால் நின்றவர் மறுபடி ஓட வந்துகொண்டிருக்கலாம். இறங்கும்போதும் பந்தயப் பாதையில் இறங்காமல் பக்கத்து நடைபாதையில் இறங்குங்கள். நாள் முழுக்கச் சக்கரம் உழுத சரிவில் மேல்மண் பொடியாகிக் கிடக்கும், வேர்கள் தேய்ந்து வழுக்கும். வெள்ளியங்கிரி ஏறி இறங்கியவர்களுக்கு முழங்கால் எதில் வலிக்கும் என்பது தெரியும்; அப்போது ஊன்றிப் போன மூங்கில் தடி வீட்டு மூலையில் சாத்தியிருந்தால் எடுத்து வாருங்கள், பந்தயம் நடக்கும்போது மட்டும் டேப்புக்கு எட்டாத பக்கம் படுக்கப் போட்டுவையுங்கள்.