டெல்லிக் குளிரில் பச்சை நின்ற கதை

மயூர் விஹாரில் எங்கள் வீட்டு முன் இருப்பது அருகம்புல் தரை. அம்மா பிள்ளையாருக்குக் கிள்ளுவதும் அதில்தான். டிசம்பர் குளிரில் அது வைக்கோல் நிறமாகிவிடும், சாவதில்லை, உறங்குகிறது. அதன்மேல் குளிர்காலப் புல்லான ரைகிராஸ் விதைத்தால் பச்சை நிற்கும் என்றார்கள்.

முதல் வருடம் செப்டம்பர் கடைசியிலேயே தூவிவிட்டேன். வெயில் தாங்காமல் முளைகள் சுருண்டன. போதாததற்கு, பாதி விதை அருகின் மேலேயே தங்கி மண்ணைத் தொடவே இல்லை.

அடுத்த முறை நவம்பர் முதல் வாரம் வரை பொறுத்தேன். அருகை ஒட்ட வெட்டி, மண் தெரியும்வரை கைக்கொத்தால் கீறி, சதுர மீட்டருக்கு 40 கிராம் கணக்கில் குறுக்கும் நெடுக்குமாகத் தூவினேன். மேலே சலித்த தொழுவுரம். ஈரம் காயாமல் தினம் இரண்டு முறை பூவாளித் தண்ணீர். எட்டாம் நாள் ஊசி ஊசியாக முளை! அடித்தண்டு இளஞ்சிவப்பு, இலையின் அடிப்பக்கம் எண்ணெய் தடவியதுபோல் மினுமினுப்பு, அத்தனை அழகு. இது கொத்தாக வளரும், அருகு மாதிரி ஓடிப் படராது. அதனால் சொட்டை விழுந்த இடத்தில் மறுபடி விதைக்கத்தான் வேண்டும்.

5 செ.மீ.க்குக் கீழே வெட்டாதீர்கள். மார்ச் கடைசியில் மட்டும் ஒட்ட வெட்டிவிடுங்கள். வெயில் பட்டால்தான் கீழே இருக்கும் அருகு தளிர்க்கும். அப்புறம் மே வெயிலில் ரைகிராஸ் தானாகவே காய்ந்துவிடும்.