சுருண்டுகொண்டே இருந்த மஃப்ளர்
தண்டையார்பேட்டை வெயிலில் மஃப்ளரா என்று கேட்காதீர்கள், குன்னூர் அத்தைக்கு. சாயங்காலம் பின்னல் ஊசியைக் கையில் எடுத்தால் மனசு அடங்கும். ஆனால் இந்த முறை ஓரமெல்லாம் குழாய் மாதிரி சுருண்டு உயிரை வாங்கியது.

நனைத்து, குண்டூசி குத்திக் காயவைத்தேன். குண்டூசியை எடுத்ததும் பழையபடி. நான் பின்னியது அக்ரிலிக் என்ற செயற்கை நூல், தண்ணீருக்கு மசியாது. சூடான இஸ்திரி பட்டால் துவண்டு பளபளத்துவிடும்.

அப்புறம்தான் கவனித்தேன்: பக்கவாட்டு ஓரங்கள் பின்பக்கமாகச் சுருள்கின்றன, மேல் கீழ் ஓரங்களோ முன்பக்கமாக. ஒரு வரி நிட் (நேர்ப் பின்னல்), மறு வரி பர்ல் (அதற்கு எதிர்ப் பின்னல்) என்று போனால் முன்பக்கம் முழுக்க ஒரே வகைக் கண்ணி, அதாவது பின்னல் வளையம், பின்பக்கம் வேறு வகை. இழுப்பு சமமாகாது.

சரி என்று பிரித்து மறுபடி பின்னினேன். ஆரம்பத்திலும் முடிவிலும் 6 வரி முழுக்க நிட்; ஒவ்வொரு வரிக்கும் திருப்பிப் பின்னுவதால் இரு பக்கமும் ஒரே மாதிரி அமைந்து இழுப்பு சமமாகும். நடுவில் எந்த வரியானாலும் இரு ஓரத்திலும் 5 கண்ணி நிட். இப்போது தட்டையாகக் கிடக்கிறது, ஒரு மூலை மட்டும் லேசாக மடங்குகிறது.