ஊட்டி மலை ரயிலில் ஒரு நாள்: படமும் எழுத்துமாக ஒரு நோட்டு

மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10க்குக் கிளம்பும் மலை ரயிலில் ஏறி, மத்தியானம் ஊட்டியில் இறங்கி, கொஞ்சம் சுற்றிவிட்டு 2 மணி ரயிலில் திரும்பிவிடலாம். அந்த ஒரு நாளைப் படமும் எழுத்துமாக ஒரு ஸ்கெட்ச் புக்கில் பதிவு செய்வது எப்படி என்றுதான் எழுதப்போகிறேன். எனக்கு வரைய வராது என்பவர்களுக்கும் சேர்த்துத்தான். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன்: பக்கங்கள் அங்கேயே, அந்த நேரத்திலேயே முடிய வேண்டும். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு வீட்டில் நிதானமாக வரையலாம் என்று விட்டால் பெரும்பாலும் வரையவே மாட்டோம், அப்படியே வரைந்தாலும் வண்டி குலுங்கியதில் கோணலாக ஓடிய கோடு அதில் இருக்காது, எனக்கு அந்தக் கோடுதான் முக்கியம்.

சாமான் குறைவாக இருக்கட்டும். பெட்டிகள் குறுகலானவை, எதிரே இருப்பவர் முழங்காலும் உங்கள் முழங்காலும் கிட்டத்தட்ட இடிக்கும். அதனால் ஏ5 அளவில், கெட்டி அட்டை போட்ட நோட்டுதான் சரி, மடியில் வைத்தால் அதுவே பலகை. தாள் 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) வாட்டர்கலர் தாளாக இருந்தால் நல்லது, மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் சுருண்டுகொள்ளும். பேனா தண்ணீரில் கரையாத மையாக இருக்க வேண்டும். முந்தின நாளே ஒரு கோடு போட்டு, காயவிட்டு, மேலே ஈரத் தூரிகையால் தடவிப் பார்த்துவிடுங்கள். மை பேனா பிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரம், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது, பேனாவுக்குள் இருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். மையை முழுக்க நிரப்பிவிட்டால் உள்ளே காற்றுக்கு இடம் குறைவு, கசிவும் குறையும். எழுதாத நேரத்தில் முனை மேலே பார்த்திருக்கட்டும்.

நிறத்துக்கு ஒரு சின்ன கேக் வாட்டர்கலர் டப்பா போதும். மஞ்சள், காவி, சிவப்பு, அல்ட்ராமரின் நீலம், இண்டிகோ (கருநீலம்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), இந்த ஆறில் நீலகிரி முழுக்க அடங்கிவிடும். உடம்புக்குள்ளேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் தூரிகை கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள், ஆடுகிற வண்டியில் கிண்ணத்துத் தண்ணீரைக் காப்பாற்ற முடியாது. அப்புறம் பழைய காட்டன் துணி, இரண்டு பைண்டர் கிளிப். குடிக்கத் தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள், நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. வடகிழக்குப் பருவமழைக் காலமென்றால் வண்டி ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள், மண் சரிந்தால் நிறுத்திவிடுவார்கள்.

முதல் நாள் ராத்திரி ஒரு அரைமணி நேர வேலை இருக்கிறது. இரண்டு பக்கங்களின் அடியிலும் சேர்த்து, இடமிருந்து வலமாக மேலேறும் ஒரு கோடு போடுங்கள், அதுதான் பாதை. கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி, குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், உதகமண்டலம் என்று பெயர்களை வரிசையாக எழுதிவிடுங்கள். 46 கிலோமீட்டர், 208 வளைவு, 250 பாலம், 16 குகை என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம். மேலே தீப்பெட்டி அளவில் காலிக் கட்டங்கள் நாலைந்து. வெள்ளைத் தாளைப் பார்த்தால் வருகிற தயக்கம் கட்டம் போட்ட தாளைப் பார்த்தால் வராது, அதிலும் சின்னக் கட்டத்தை இரண்டு நிமிஷத்தில் நிரப்பிவிடலாம்.

காலையில் கொஞ்சம் முன்னாடியே ஸ்டேஷனுக்குப் போய்விடுங்கள். நீராவி இன்ஜின் வண்டிக்குப் பின்னால் மாட்டியிருக்கும், மலையேறும்போது அது பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போகும். இன்ஜினை முழுசாக வரைய உட்கார்ந்தால் வண்டி கிளம்பிவிடும், ஒரு சக்கரமும் அதை ஒட்டிய தண்டுகளும் போதும்.

கல்லாறு தாண்டியதும் பல்சக்கரப் பாதை ஆரம்பம், குன்னூர் வரைக்கும் அதுதான். இங்கே 12 அடி போனால் ஒரு அடி ஏற்றம், வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர் அளவில்தான். வரைகிறவருக்கு இது வரம் என்றுதான் சொல்வேன். பக்கத்து மரம் கண் இமைப்பதற்குள் போய்விடும், ஆனால் எதிர் மலை பல நிமிஷம் உங்களோடேயே வரும். அதனால் முதலில் தூரத்து மலையின் விளிம்பை மட்டும், கையை எடுக்காமல், ஒரே கோடாக இழுங்கள். கை ஆடினால் ஆடட்டும், விளிம்பில் இருக்கும் மரங்களுக்கு அந்த நடுக்கம் சரியாகவே பொருந்தும். குகை வந்ததும் பெட்டியே ஹோவென்று கத்தும், அப்போது பேனாவை மூடிவிட்டு, வெளிச்சம் வந்ததும் அடியில் போட்ட பாதைக் கோட்டின் மேல் ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள்.

ஹில்குரோவில் இன்ஜின் தண்ணீர் குடிக்க நிற்கும். எல்லாரும் டீக்கும் வடைக்கும் இறங்குவார்கள், குரங்குகளும் வரும், பையை மூடி வையுங்கள். நீங்கள் தண்டவாளத்துக்கு நடுவில் பாருங்கள். இரண்டு பல்பட்டைகள் அருகருகே ஓடும், ஒன்றில் பல் இருக்கிற இடத்தில் மற்றதில் பள்ளம். இன்ஜினின் பல்சக்கரம் எப்போதும் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டே இருக்கத்தான் இப்படி மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள். 1899இல் குன்னூர் வரைக்கும் வண்டி ஏறியதே இதை நம்பித்தான். கிரீஸ் படிந்து கறுத்த அந்தப் பற்களில் நாலைந்தைப் பெரிதாக, ஒரு கட்டம் முழுக்க வரையுங்கள். முழு ரயிலையும் வரைவதை விட இந்த ஒரு படம் அதிகம் சொல்லும்.

இனி பச்சை. இங்கேதான் பலர் டப்பாவில் இருக்கும் பச்சையை எடுத்து மலை முழுக்கப் பூசிவிடுகிறார்கள். நீலகிரியில் பச்சை ஒன்று கிடையாது. தேயிலைக்கு மஞ்சள் தூக்கலாக வெளிர் பச்சை பூசிக் காயவிடுங்கள், பிறகு இண்டிகோ கலந்த கரும்பச்சையில் செடிகளுக்கு இடையே இருக்கும் சந்துகளை மட்டும் விட்டு விட்டு இழுங்கள். அந்தக் கோடுகள் சரிவோடு சேர்ந்து வளைந்தால் மலை தானாக எழுந்து நிற்கும். சோலைக் காடு வேறு மாதிரி, காலிஃபிளவர் போல உருண்டை உருண்டையாக நெருங்கி நிற்கும், கொழுந்து செம்பு நிறத்தில் இருக்கும், அதற்கு ஈரத்திலேயே பர்ன்ட் சியன்னா இரண்டு சொட்டு. கற்பூர மரத்துக்கு (யூகலிப்டஸ்) பச்சையோடு நீலமும் சாம்பலும், பட்டை உரிந்த அடிமரத்துக்குத் தாளின் வெள்ளையையே விட்டுவிடலாம். தூரம் போகப் போகப் பச்சை நீலமாகிவிடும், கடைசி மலைக்கு அல்ட்ராமரின் தண்ணீராகக் கரைத்து ஒரே ஒரு பூச்சு.

மூடுபனி வந்தால் கடைசி மலையின் அடிப்பகுதியை, நிறம் காய்வதற்குள், துணியால் ஒற்றி எடுங்கள். அதே பனியில் தாள் சீக்கிரம் காயாது. நோட்டை மூடினால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும், கிளிப் போட்டுத் திறந்தே வைத்துவிட்டு அந்த நேரத்தில் பக்கத்து ஓரத்தில் எழுதுங்கள். படத்தில் வராததை எழுதத்தான் எழுத்து: இன்ஜினின் மூச்சு, புகை வாசனை, விரல் விறைத்தது, பக்கத்து சீட்டுப் பாட்டி "என்னம்மா வரையற, காட்டு" என்று கேட்டது. மணியும் ஊர்ப் பெயரும் கட்டாயம். ஆட்களை வரைவதாக இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள்.

குன்னூரில் நீராவி இன்ஜினைக் கழற்றி டீசல் மாட்டுவார்கள், நோட்டைக் காயவைக்க நல்ல சந்தர்ப்பம். கேத்தியில் பள்ளத்தாக்கு அப்படியே விரியும்: கேரட்டும் உருளையும் முட்டைக்கோஸும் படிப்படியாக, மேலே படுகர் ஊர்களின் வீடுகள் வரிசையாக. வீடுகளுக்குக் கோடே வேண்டாம், பல நிறத்தில் குட்டிக் குட்டிச் சதுரங்கள் போதும், தூரிகை நுனியால் வைத்துவிடலாம்.

ஊட்டியில் கையில் இருப்பது இரண்டு மணி நேரம்தான், ஏரியும் பூங்காவும் மார்க்கெட்டும் எல்லாம் வேண்டும் என்று ஓடாதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 1848இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் சுமார் 2 கோடி வருஷம் பழைய, கல்லாகிப்போன மரம் ஒன்று கிடக்கிறது, அது ஒரு நல்ல பக்கம். என்னைக் கேட்டால் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து வர்க்கி என்கிற மொறுமொறு பிஸ்கட்டை வரையச் சொல்வேன். மேலே முறுகிப் பழுப்பேறி, உடைத்த இடத்தில் அடுக்கடுக்காக, அடுக்குகளுக்கு நடுவே இருட்டு. முதலில் முழுக்க மஞ்சள் கலந்த காவி, காய்ந்ததும் மேல்முனைகளில் பர்ன்ட் சியன்னா, கடைசியாக இடுக்குகளில் மட்டும் பேனா. வரைந்து முடித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

இறங்கும்போது புதிய படம் வேண்டாம். காலியான கட்டங்களில் எழுதுங்கள், வெயில் மேற்கே சாய்ந்ததும் காலையில் பார்த்த மலைகளின் நிழல் பக்கம் மாறியிருக்கும், அதே படத்தின் மேலேயே அல்ட்ராமரினில் புது நிழலைப் பூசி, பக்கத்தில் நேரத்தைக் குறித்துவிடலாம். டிக்கெட்டை ஒட்ட ஒரு இடம் விட்டு வையுங்கள், ஆனால் சில டிக்கெட்டின் அச்சு நாளாக ஆக மங்கிவிடும், அதனால் தேதியையும் வண்டி நேரத்தையும் பக்கத்திலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.